முதல் வி.ஆர். ஹெட்செட்: கோலா சிலாங்கூர் வீட்டுக்கு எது பொருந்தும்?

கணினி விளையாட்டுக்காக முதல் வி.ஆர். ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு கண்ணுக்கு எத்தனை பிக்சல், விநாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது, லென்ஸ் எந்த வகை என்று எண்களை அடுக்கி, கையிருப்புக்கு எட்டும் பெரிய எண்ணுக்குக் காசைக் கட்டிவிடுகிறார்கள். பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ குடியிருக்கிறவருக்கு இந்த வரிசை சரிப்படாது. அவர் முதலில் அளக்க வேண்டியது வீட்டுக் கூடத்தை. அடுத்துப் பார்க்க வேண்டியது தன் மடிக்கணினியின் பக்கவாட்டில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்பதை. அதற்கடுத்து, பழுதானால் பெட்டியை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்ற கேள்வி. பிக்சல் கணக்கு நான்காவதாக வந்தால் போதும்.

இந்தக் கருவியின் வரலாறு நீளமானதல்ல. 2012-ல் பால்மர் லக்கி என்ற அமெரிக்க இளைஞர் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி ஓக்குலஸ் ரிஃப்ட்டை உருவாக்கப் புறப்பட்டார். 2014-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2016-ல் ரிஃப்ட்டும், எச்.டி.சி.யும் வால்வும் சேர்ந்து செய்த வைவும் கடைக்கு வந்தன. இரண்டுக்கும் வலுவான மேசைக் கணினி வேண்டும். தலை எங்கே, கை எங்கே என்று கண்டுபிடிக்கும் சிறு பெட்டிகளை அறையில் வேறு பொருத்த வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க யார் விடுவார்? 2019-ல் வந்த ஓக்குலஸ் குவெஸ்ட் அந்தத் தொல்லையை ஒழித்தது. கேமராக்கள் ஹெட்செட்டிலேயே இருந்தன. கணினி இல்லாமலும் ஓடியது. அதே ஆண்டின் இறுதியில் ஒரு யு.எஸ்.பி. கேபிளால் அதைக் கணினியோடு இணைக்கும் வசதியும் சேர்ந்தது. இன்றைக்கு 'முதல் ஹெட்செட்' என்ற பேச்சு எடுபடுவதே அந்தக் கேபிளால்தான். அதற்கு முன்பு இது பணக்காரப் பிள்ளைகளின் சாமான்.

பணத்தைப் பேசிவிடுவோம். மலேசியாவின் குறைந்தபட்ச சம்பளம் 2025-ல் 1,700 ரிங்கிட் ஆனது. ஃபேஸ்புக்கின் இன்றைய பெயரான மெட்டாவின் மலிவு வகை ஹெட்செட் குவெஸ்ட் 3எஸ், 2024 அக்டோபரில் அமெரிக்காவில் 299 டாலருக்கு வெளியானது. அதை ரிங்கிட்டுக்கு மாற்றினாலே ஏறத்தாழ 1,200. கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதாவது ஒரு தொழிலாளியின் ஒரு மாத உழைப்பில் பெரும்பகுதி. கேபிள், தலைப்பட்டை, கண்ணாடி அணிகிறவருக்குத் தனி லென்ஸ் என்று பின்னால் வரும் செலவையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து இணையம் வழியாக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இந்த உதிரிகள் பெரும்பாலும் அந்த வலையில்தான் விழும்.

இனி வீடு. நின்று நடந்து விளையாட ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்று மெட்டா சொல்கிறது. வால்வின் ஸ்டீம் வி.ஆர். மென்பொருள் கேட்பது குறைந்தது 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். கேட்க எளிது. தாமான்களில் இருக்கும் மலிவுவிலை வரிசை வீட்டின் கூடத்தில் சோஃபா, டிவி அலமாரி, சாமி மேடை, துணி மடிக்கும் மேசை எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தோட்டத்துப் பழைய லய வீடுகளில் நிலைமை இன்னும் நெருக்கம். தரையைவிட முக்கியமானது தலைக்கு மேலே சுழலும் காற்றாடி. விளம்பரப் படங்களில் காற்றாடியே கிடையாது, அங்கே குளிர்சாதனம். நம் கூடங்களில் நடு இடம் என்று இருப்பதே காற்றாடிக்கு நேர் கீழேதான். பீட் சேபர் மாதிரி வாள் வீசும் விளையாட்டில் உயரமான பையன் கையைத் தூக்கினால் கண்ட்ரோலரும் விரலும் ஒன்றாகப் போகும். ஹெட்செட் வரைந்து காட்டும் எல்லைக்கோடு சுவரைக் காப்பாற்றும். கூரையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. காற்றாடியை நிறுத்திவிட்டு ஆடலாம்தான். பகல் இரண்டு மணிக்கு, முகத்தில் அரைக் கிலோ சாமானைக் கட்டிக்கொண்டு, காற்றில்லாமல் பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பதே பெரிது.

வாசலிலோ முற்றத்திலோ ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஹெட்செட்டின் லென்ஸ் பூதக்கண்ணாடி போலவே வேலை செய்யும். வெயில் அதன்மேல் சில கணங்கள் விழுந்தாலே உள்ளே திரை கருகிப் பொட்டு விழுந்துவிடும். அதைச் சரிசெய்ய முடியாது. காலை வெயில் விழும் சன்னலோரத்தில் லென்ஸ் வெளியே பார்த்தபடி வைத்துவிட்டுப் போவதும் இதே கதைதான்.

இடம் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. உட்கார்ந்து ஆடும் வகை இருக்கிறது. அசெட்டோ கோர்சா போன்ற கார்ப் பந்தயம், 2020 டிசம்பரில் வி.ஆர். வசதி பெற்ற மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றுக்கு ஒரு நாற்காலியும் மேசையும் போதும். கணினி வி.ஆரின் உண்மையான பலமே இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தனித்தியங்கும் ஹெட்செட்டால் இவற்றைத் தாங்க முடியாது, கணினி வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்குக் கேபிள் காலில் சிக்கும் தொல்லையும் இல்லை. ஆகவே சின்ன வீடு என்பது ஒருவகையில் கேபிள் ஹெட்செட்டுக்குச் சாதகம்.

அடுத்தது கணினி. இந்த வட்டாரத்தில் விளையாடும் இளைஞர்களில் பலரிடம் இருப்பது மேசைக் கணினி அல்ல, மடிக்கணினி. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம், புஞ்சாக் ஆலாமில் யு.ஐ.டி.எம். என்று மாணவர் கூட்டம் இருக்கிறது. படிப்புக்கென்று வாங்கிய மடிக்கணினியே இரவில் விளையாட்டுக்கும் ஆகிறது. 2020 மார்ச்சில் வெளிவந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் கேட்கும் குறைந்தபட்சம் ஜி.டி.எக்ஸ். 1060 அல்லது ஆர்.எக்ஸ். 580 கிராஃபிக்ஸ் கார்டு, 12 ஜி.பி. ரேம். பழைய கணக்காகத் தோன்றும். சாதாரண முழு எச்.டி. திரையில் இருப்பது ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3எஸ்ஸின் இரு கண்ணையும் சேர்த்தால் 70 லட்சம். குவெஸ்ட் 3-க்கு 91 லட்சம். லென்ஸின் வளைவை ஈடுகட்ட அதற்கும் கூடுதலாகவே கணினி வரைந்து தள்ள வேண்டும். 90 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லி விநாடி. டிவியில் படம் ஒரு கணம் திக்கினால் எரிச்சல் வரும், வி.ஆரில் திக்கினால் வாந்தி வரும். கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மடிக்கணினிக்குள் இருப்பது மேசைக் கணினியில் இருப்பதைவிடப் பலம் குறைந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத அலுவலக மடிக்கணினி வைத்திருப்பவர் கணினி வி.ஆரை இப்போதைக்கு மறந்துவிடலாம். அவருக்குத் தனித்தியங்கும் ஹெட்செட்டைத் தனியாகவே ஆடுவதுதான் வழி.

துளைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பலர் ஏமாறும் இடம் அதுதான். சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2, வால்வ் இண்டெக்ஸ் ஆகிய ஹெட்செட்டுகளுக்கு டிஸ்ப்ளேபோர்ட் துளை வேண்டும். பல மடிக்கணினிகளில் இருப்பது எச்.டி.எம்.ஐ. மட்டும். எச்.டி.எம்.ஐ.யை டிஸ்ப்ளேபோர்ட்டாக மாற்றும் மலிவு முனையை மாட்டினால் வேலை செய்யும் என்று நம்பி வாங்கினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். யு.எஸ்.பி.-சி துளை வழியாக டிஸ்ப்ளேபோர்ட் வரும் மடிக்கணினிகளும் உண்டு. ஆனால் அந்தத் துளை தனிக் கிராஃபிக்ஸ் கார்டோடு நேராக இணைந்திருக்க வேண்டும். சிலவற்றில் அது உள்ளமைந்த சிறு கார்டோடுதான் இணைந்திருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே துளை. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேடுவதைத் தவிர வழியில்லை. குவெஸ்ட் வகைக்கு இந்தத் தலைவலி கிடையாது. சாதாரண யு.எஸ்.பி. துளை போதும். படம் சுருக்கப்பட்டு யு.எஸ்.பி. வழியாகவோ வைஃபை வழியாகவோ போய் ஹெட்செட்டுக்குள் விரிகிறது. சுருக்குவதால் தெளிவில் கொஞ்சம் இழப்பும் சிறு தாமதமும் உண்டு. முதன்முறை வாங்குகிறவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது என்றே சொல்வேன்.

கேபிளா, வைஃபையா? இங்கே ஒரு தவறான பயத்தைப் போக்க வேண்டும். தோட்டத்தில் இணையம் மெதுவாக வருகிறது, அதனால் வயரில்லா வி.ஆர். நமக்கு எட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். தாமான்களுக்கு ஃபைபர் வந்துவிட்டது. செம்பனைக்கு நடுவே இருக்கும் குடியிருப்புகளில் 4ஜி கோபுரத்தை நம்பித்தான் வாழ்க்கை. ஜெண்டேலா என்ற தேசிய இணையத் திட்டத்தின்படி 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்ட பிறகு அந்தக் கோபுரம் ஒன்றுதான் துணை. ஆனால் கணினியில் இருந்து ஹெட்செட்டுக்குப் படம் போவது வீட்டு ரவுட்டர் வழியாக மட்டுமே. அது வெளியுலக இணையத்தைத் தொடுவதில்லை. கணினியை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விட்டு, ரவுட்டர் இருக்கும் அதே அறையில் ஆடினால் போதும். நடுவில் செங்கல் சுவர் ஒன்று வந்தாலே படம் தடுமாறும். மெட்டாவின் ஏர் லிங்க் 2021-ல் வந்தது. வால்வின் இலவச ஸ்டீம் லிங்க் 2023 இறுதியில் குவெஸ்டுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கும் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் இருக்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டு எது நிலையாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவான இணையம் உண்மையில் கடிப்பது பதிவிறக்கத்தில்தான். 100 ஜி.பி. அளவுள்ள விளையாட்டை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாத டேட்டா அளவு அதற்குள் தீர்ந்தே போகலாம். கோலா சிலாங்கூர் பட்டணத்தில் ஃபைபர் வைத்திருக்கும் மாமா வீட்டில் கணினியை இரவு முழுக்க ஓடவிட்டு எடுத்து வருவதும், வெளித்தட்டில் நகலெடுத்து வந்து வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் சேர்ப்பதும் இன்றும் நல்ல வழிகள்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஹெட்செட்டுகளுக்கு வருவோம். குவெஸ்ட் 3எஸ்ஸும் 2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3-ம் ஒரே சில்லு, ஒரே 8 ஜி.பி. நினைவகம். எடையும் கிட்டத்தட்ட ஒன்று: 514 கிராம், 515 கிராம். வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 3எஸ்ஸில் குவெஸ்ட் 2 காலத்து ஃப்ரெனல் லென்ஸ். கண் நடுவில் இருந்து நகர்ந்தால் எழுத்து மங்கும். திரை கண்ணுக்கு 1832-க்கு 1920. குவெஸ்ட் 3-ல் பான்கேக் லென்ஸ். ஓரம்வரை தெளிவு, கண்ணுக்கு 2064-க்கு 2208. விமானத்தின் கருவிப் பலகையைப் படிக்க வேண்டியவருக்கு இந்த வேறுபாடு பெரிது. வாள் வீசுகிறவருக்கு அவ்வளவு இல்லை. அதோடு, குவெஸ்ட் 3-ஐ நிரப்ப கணினிக்குக் கூடுதல் பலமும் வேண்டும். நடுத்தர மடிக்கணினி வைத்திருப்பவர் குவெஸ்ட் 3 வாங்கி, கணினி திணறுவதால் தெளிவைக் குறைத்து ஓட்டுவதில் அர்த்தமில்லை. 3எஸ்ஸை வாங்கி, மிச்சத்தை நல்ல தலைப்பட்டைக்கும் கேபிளுக்கும் செலவழிப்பதே என் யோசனை. பெட்டியோடு வரும் துணிப்பட்டை எடை முழுவதையும் கன்னத்தில் இறக்கிவிடுகிறது.

பிகோ 4 மலேசியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்த ஒன்று. பான்கேக் லென்ஸ், கண்ணுக்கு 2160-க்கு 2160. பேட்டரியைத் தலையின் பின்புறம் வைத்து எடையைச் சமன்செய்திருக்கிறார்கள். கணினியோடு இணைத்து ஸ்டீம் விளையாட்டு மட்டும் ஆடுகிறவருக்குக் குவெஸ்டுக்கு இணையானது. அதன் சொந்தக் கடையில் விளையாட்டுகள் குறைவு என்ற குறை, கணினி வைத்திருப்பவருக்குக் குறையே அல்ல. நல்ல நிலையில், உள்ளூர் உத்தரவாதத்தோடு கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 தனி ரகம். 2023 பிப்ரவரியில் பி.எஸ். 5-க்காக வந்தது; 2024 ஆகஸ்ட்டில் 60 டாலர் அடாப்டர் மூலம் கணினிக்கும் திறந்துவிட்டார்கள்; 2025-ல் விலையை 400 டாலராகக் குறைத்தார்கள். திரை ஓ.எல்.இ.டி., கண்ணுக்கு 2000-க்கு 2040. கம்போங் குவாந்தானில் இரவுப் படகில் மின்மினி பார்த்தவர்களுக்கு உண்மையான இருட்டு எப்படி இருக்கும் என்று தெரியும்: மரமே தெரியாது, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் மட்டும் மிதக்கும். மற்ற ஹெட்செட்டுகளின் எல்.சி.டி. திரையில் அந்த இருட்டு சாம்பலாகத்தான் தெரியும். இதில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பேய்க்கதை விளையாட்டுக்கும் விண்வெளிக்கும் இதைவிடக் குறைந்த விலையில் வேறு நல்லது கிடையாது. ஆனால் கணினியில் மாட்டினால் எச்.டி.ஆர்., கண்ணசைவைப் பின்தொடர்வது, ஹெட்செட்டின் அதிர்வு எல்லாம் அணைந்துவிடும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் தனியாக வாங்க வேண்டும். கண்ட்ரோலர்களுக்குக் கணினியில் புளூடூத் வேண்டும். வயரில்லாமல் ஆடவே முடியாது. மேசைக் கணினி வைத்து, உட்கார்ந்து ஆடுகிறவருக்கு நல்ல தேர்வு; மடிக்கணினிக்காரருக்குச் சூதாட்டம்.

வால்வ் இண்டெக்ஸ் 2019-ல் 999 டாலருக்கு வந்தபோது அரசன். இப்போது 809 கிராம் எடை, சுவர்ப் பெட்டிகள், பழைய திரை. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

உடம்பு என்ற ஒன்றை எந்த விவரப் பட்டியலும் எழுதுவதில்லை. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் சராசரியாக 63 மி.மீ. குவெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3-ல் சக்கரத்தைத் திருகி நுணுக்கமாக வைக்கலாம். பட்டணத்துக் கண்ணாடிக் கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். உங்கள் அளவு இரு நிலைகளுக்கு நடுவில் விழுந்து, தலைவலியும் எளிதில் வருகிறவர் என்றால் கூடுதல் பணம் கொடுத்துக் குவெஸ்ட் 3-க்குப் போவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். குமட்டலுக்குக் காரணம், கண் 'நகர்கிறேன்' என்று சொல்லும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லை' என்பது. நின்ற இடத்தில் ஆடும் விளையாட்டில் தொடங்குங்கள். குமட்டல் தொடங்கியதும் கழற்றுங்கள். தாக்குப்பிடித்துப் பழகலாம் என்பது வீண் வீரம். முதல் நாளே கார்ப் பந்தயத்தில் இறங்கி, அதோடு பெட்டியைப் பரணில் ஏற்றியவர்கள் பலர். பிள்ளைகளுக்கு மெட்டா வைத்திருக்கும் குறைந்த வயது 10, சோனி 12.

ஒரு வீட்டில் ஒரு ஹெட்செட் என்றால் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுத் தம்பி எல்லாரும் மாட்டுவார்கள். தேங்காயெண்ணெய்த் தலை, நெற்றியில் திருநீறு, சந்தனம், மேலே வியர்வை. பஞ்சு முகப்பட்டை ஒரே மாதத்தில் நாறும். துடைக்கக்கூடிய சிலிக்கான் உறை சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஹெட்செட் வந்த அன்றே அதுவும் வந்துவிட வேண்டும். கடலோர ஈரக்காற்றில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கும் அதே வைத்தியம்: மூடியுள்ள பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். மாலை இடி தொடங்கினால் கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள்.

எங்கே வாங்குவது? லாத்தார் விரைவுச்சாலை வந்தபிறகு கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போய்வருவது ஒரு நாள் வேலைகூட இல்லை. ஷோப்பியும் லசாடாவும் கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றன. இங்கே கிடைக்கும் குவெஸ்ட்களில் பெரும்பாலானவை வேறு நாட்டுச் சந்தைக்காகப் பெட்டியடைத்து வந்தவை. 'ஒரு வருட வாரண்டி' என்று எழுதியிருந்தால் அது தயாரிப்பாளருடையதா, கடைக்காரருடையதா என்று கேளுங்கள். கடைக்காரருடையது என்றால் அந்தக் கடை எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதுதான் உங்கள் வாரண்டியின் நீளம். இந்த ஒரு காரணத்துக்காகவே சோனியையும் பிகோவையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

பழைய சாமானில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. எச்.பி. ரிவெர்ப் ஜி2 முதலான விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டுகள் இணையச் சந்தையில் மலிவாக, கண்ணைக் கவரும் தெளிவோடு கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 2023 இறுதியில் அந்த அமைப்பைக் கைவிடுவதாக அறிவித்து, 2024-ல் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் இருந்து நீக்கியே விட்டது. நல்ல நிலையில் இருந்த கருவிகள் ஒரு மென்பொருள் புதுப்பித்தலில் வெறும் காகித எடைக்கல்லாகிப் போயின. 2025-ல் ஓவாசிஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றுக்கு உயிர் கொடுத்தது, அதுவும் என்விடியா கார்டுகளுக்கு மட்டும். இதெல்லாம் தெரிந்து வாங்குகிறவர் வாங்கலாம்; முதல் ஹெட்செட்டாக வேண்டாம். பழைய குவெஸ்ட் 2 பரவாயில்லை. விற்பவர் தன் கணக்கை நீக்கி, கருவியை முதல் நிலைக்குத் திருப்பிய பிறகே பணம் கொடுங்கள். லென்ஸுக்குள் வெயில் பொட்டு இருக்கிறதா, கண்ட்ரோலரின் குச்சி தானாக நகர்கிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

வால்வ் 2025 நவம்பரில் ஸ்டீம் ஃப்ரேம் என்ற புதிய ஹெட்செட்டை அறிவித்தது. கணினியில் இருந்து வயரில்லாமல் படம் வாங்குவதற்கென்றே தனி அடாப்டரோடு வடிவமைத்தது. அதற்காகக் காத்திருப்பதா என்று கேட்டால், ஏற்கெனவே ஒரு ஹெட்செட் வைத்திருப்பவர் காத்திருக்கட்டும். முதன்முறை வாங்குகிறவர் செய்ய வேண்டியது வேறு: எந்த ஹெட்செட் வாங்கினாலும் விளையாட்டுகளை ஹெட்செட் நிறுவனத்தின் கடையில் வாங்காமல் ஸ்டீமில் வாங்குவது. விலை ரிங்கிட்டில் இருக்கும், தள்ளுபடிக் காலத்தில் பாதிக்கும் கீழே வரும். மூன்று ஆண்டு கழித்து 3எஸ்ஸைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வேறொன்றுக்கு மாறினாலும் அந்த விளையாட்டுகள் உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும்.